கர்ப்பமாக இருக்கும்போது ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்

கர்ப்பிணி என்பதற்காக வேலையை விட்டு நீக்குகிறோம் என்று எந்த நிறுவனமும் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை. அந்தப் பெண்ணையே எழுத வைத்துவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது. "உனக்கும் சிரமம், டீமுக்கும் சிரமம். இப்போ பேப்பர் போட்டுடும்மா. குழந்தை பிறந்து ஆறு மாசம் கழிச்சு வா, கண்டிப்பா எடுத்துக்கிறோம்." அக்கறையான குரலில்தான் சொல்வார்கள். சிலர் உண்மையிலேயே அக்கறையோடும் சொல்லலாம். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து விழுந்த நிமிடமே சட்டம் கொடுத்த பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். 1961 மகப்பேறு நலச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொன்னது. மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்வதும், அந்தச் சமயத்தில் அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். அடுத்தது இன்னும் முக்கியம்: கர்ப்ப காலத்தில் எந்த நாளில் வேலையை விட்டு அனுப்பினாலும், மகப்பேறுப் பணத்துக்கு, அதாவது விடுப்புக் காலத்துக்கான சம்பளத்துக்கு, தகுதி பெற வேண்டியவராக இருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கடுமையான நடத்தைக் கேடு என்ற காரணத்தைக் காட்டி, எழுத்து மூலம் உத்தரவிட்டால்தான் மறுக்க முடியும். இங்கே சட்டம் பேசுவதெல்லாம் முதலாளி அனுப்புவதைப் பற்றி. தானாகப் போனவரைப் பற்றி அது பேசவில்லை. நிறுவனத்தின் வக்கீலுக்கு இது தெரியும். ஹெச்.ஆருக்கும் தெரியும். கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு மட்டும்தான் யாரும் சொல்வதில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, பழைய மகப்பேறு சட்டம் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. "அந்தச் சட்டமே இப்போ இல்லையே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடிப்படை உரிமைகள் அப்படியே தொடர்கின்றன. எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு, அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவு நேர்ந்தால் 6 வாரம். 'நீங்க இன்னும் புரொபேஷன்லதானே இருக்கீங்க' என்பது செல்லாது. சட்டம் கேட்பது 80 நாளைத்தான். தினக்கூலிப் பெண்களுக்கும் இது உண்டு என்று 2000இல் டெல்லி மாநகராட்சி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதைக் காட்டிப் பாதியில் பணத்தை நிறுத்த முடியாது என்றது அதே நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பு.

இனி, நடப்பது பாகுபாடுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலருக்கு இங்கேதான் குழப்பம். 'என் வேலையிலதான் குறை இருக்கோ' என்று தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இதற்கு ஒரே நேர்மையான சோதனை தேதி. கர்ப்பமாக இருப்பதை மேலாளரிடம் சொன்ன தேதியை ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் வந்த அப்ரைசல், பாராட்டு மெயில், இன்சென்டிவ் எல்லாவற்றையும் இடப்பக்கம் எழுதுங்கள். அதற்குப் பிறகு வந்த மெமோ, ஷிப்ட் மாற்றம், கிளையன்ட் மீட்டிங்கில் பெயர் விடுபட்டது, 'வேலையில் முன்னேற்றம் காட்டு' என்று திடீரென்று முளைத்த பெர்ஃபார்மன்ஸ் திட்டம் எல்லாவற்றையும் வலப்பக்கம் எழுதுங்கள். மூன்று வருடம் ஒரு புகாரும் வராதவருக்கு, செய்தி சொன்ன மூன்றாவது வாரத்தில் இரண்டு மெமோ வந்தால், அந்த இடைவெளிதான் உங்கள் வழக்கு. அடுத்து ஒப்பிடுங்கள். அதே வேலையில், அதே மாதத்தில், அதே அளவு தாமதமாக வந்த மற்றவருக்கும் மெமோ போனதா? போயிருந்தால் அது நிர்வாகத்தின் கண்டிப்பு. உங்களுக்கு மட்டும் என்றால் விஷயம் வேறு.

மெமோவை அலட்சியமாக விடாதீர்கள். மேலே சொன்ன 'நடத்தைக் கேடு' என்ற வாசலுக்கு அவர்கள் போடும் படிக்கட்டு அதுதான். கேட்ட கெடுவுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனதால் தாமதம் என்றால் ஓ.பி. சீட்டின் நகலை இணையுங்கள். பதிலில் கோபம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நடந்தது, தேதி, ஆவணம் போதும்.

பெரும்பாலான மிரட்டல் வாய்மொழியாகத்தான் வரும். கேபினுக்குக் கூப்பிட்டுப் பேசுவார்கள், போனில் பேசுவார்கள், எழுத்தில் ஒரு வரி இருக்காது. அதை எழுத்துக்குக் கொண்டுவருவது உங்கள் கையில் இருக்கிறது. அன்று மாலைக்குள் ஒரு மெயில் போடுங்கள்: "இன்று மதியம் 3 மணிக்கு என்னை அழைத்து, விடுப்புக்குப் பதிலாக ராஜினாமா செய்வது நல்லது என்று கூறினீர்கள். ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. மகப்பேறு விடுப்பு முடிந்ததும் பணிக்குத் திரும்புவேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிவிக்கவும்." நான்கே வரி. இதற்கு மறுப்பு வராவிட்டால் உங்களுக்குப் பலம். மறுத்து எழுதினால், ராஜினாமா கேட்கவில்லை என்று அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் லாபம் உங்களுக்கு.

ஆபீஸ் மெயிலை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஒரு வெள்ளிக்கிழமை மாலை லாகின் நின்றுவிடும். அதற்காக ஆபீஸ் ஃபைல்களை மொத்தமாகச் சொந்த மெயிலுக்கு அனுப்பவும் கூடாது. ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனார் என்று அதையே நடத்தைக் கேடாக்கிவிடுவார்கள். உங்களைப் பற்றிய காகிதங்கள் மட்டும் போதும்: நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம், விடுப்பு விண்ணப்பம், அதற்கு வந்த பதில். வாட்ஸ்அப் பேச்சு என்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் அந்த போனையே பத்திரப்படுத்துங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க, 2023 பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, அது எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை மாற்றி, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு.

விடுப்புக் கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தாக வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து வரமாட்டீர்கள், பணம் உங்களுக்கா அல்லது நீங்கள் நியமிக்கும் யாருக்கு, அந்தக் காலத்தில் வேறு எந்த நிறுவனத்திலும் வேலை செய்யமாட்டீர்கள் என்ற உறுதி. டாக்டர் சான்றிதழை இணையுங்கள். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணம் முன்கூட்டியே வர வேண்டும். மீதி, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் வர வேண்டும். முன்கூட்டிக் கடிதம் கொடுக்க முடியாமல் போனாலும் உரிமை போகாது, பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம். கடிதத்தை மெயிலிலும் அனுப்புங்கள், ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பணம் கொடுப்பது முதலாளி அல்ல, இ.எஸ்.ஐ. கழகம். திருப்பூர், கோவை ஆலைகளில் வேலை செய்பவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்துக்கொண்டு, கழகத்துக்குக் கட்டாமல் விடும் கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் போன பிறகு இது தெரிந்து பயனில்லை. கர்ப்பம் உறுதியான மாதமே இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு, பங்களிப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள்.

வேலைக்கு எடுக்கும்போதே நடக்கும் பாகுபாடு பிடிபடுவது இன்னும் கடினம். 'கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை பிளான் என்ன?' என்ற கேள்வி இங்கே நலம் விசாரிப்பது மாதிரி வந்துபோகிறது. 1991இல் எல்.ஐ.சி. வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வேலைக்குச் சேரும் பெண்களிடம் மாதவிடாய் தேதியையும் கருத்தரித்த விவரங்களையும் கேட்கும் படிவம் அங்கே இருந்தது. அதில் தவறாக நிரப்பினார் என்று தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண்ணை அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, அந்தக் கேள்விகளையே நீக்கச் சொன்னது. அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் இறுதியில், மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருப்பவர் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்' என்று பாரத ஸ்டேட் வங்கி விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு வந்ததும் 2022 ஜனவரியில் அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூனில், ஐபோன் தயாரிக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை ஒதுக்குவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் 1976 சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற அந்த விதி இன்று 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆவது பிரிவில் இருக்கிறது. 'மணமாகாத பெண்கள் மட்டும்' என்று ஏஜென்ட் போடும் விளம்பரம் கண்ணில் பட்டால், தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நேர்காணலில் கேட்டால், "இந்த வேலைக்கு அது எதுக்குங்க சார் தேவைப்படுது?" என்று அமைதியாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டவர் யார், என்ன வார்த்தையில் கேட்டார், எப்போது என்று எழுதி, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? 60 நாள் என்ற எண்ணை மனதில் வையுங்கள். பணிநீக்க உத்தரவோ, பணம் மறுக்கும் உத்தரவோ கைக்கு வந்த நாளிலிருந்து அதற்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடை, அலுவலகம் என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வரிடமும், தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் தொடங்குங்கள். வக்கீல் செலவுக்குப் பயந்து பலர் நின்றுவிடுகிறார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கம்பெனி பெரியது, நான் என்ன செய்வேன் என்று எண்ண வேண்டாம். மூன்றாவது குழந்தை என்று சொல்லித் தமிழக அரசே விடுப்பு மறுத்தபோது, ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம் ஜெயித்தார்.

முதலாளிகள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு 26 வாரப் பணத்தையும் அந்த ஒரு நிறுவனமே சுமக்கிறது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறு கம்பெனிக்கு அது உண்மையான பாரம். பெண்களை எடுக்கவே தயங்குவதற்கு இதுவும் காரணம். மகப்பேறுச் செலவைத் தனித்தனி முதலாளி தலையில் கட்டாமல் சமூகக் காப்பீட்டிலிருந்து தர வேண்டும் என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 183ஆவது உடன்படிக்கை சொல்லும் வழி. இந்தியா அதை ஏற்கவில்லை. 2017இல் வைத்த 21,000 ரூபாய் வரம்பை உயர்த்தினாலே இந்தப் பாரத்தில் பெரும்பகுதி இறங்கும். முதலாளிகள் சங்கங்கள் அரசிடம் கேட்க வேண்டியது அதைத்தான். சட்டம் சரியில்லை என்பதற்காகக் கர்ப்பிணியிடம் பேப்பர் கேட்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு: நோட்டீஸ் காலம் இன்னும் முடியவில்லை என்றால் இன்றே திரும்பப் பெறுங்கள். ராஜினாமா அமலுக்கு வரும் தேதிக்கு முன்பு அதை வாபஸ் வாங்கலாம் என்பதை நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கின்றன. யார், எந்தத் தேதியில், என்ன சொல்லி எழுத வைத்தார்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். அதுவும் முடிந்துவிட்டது, கணக்கு முடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்றால், 'எனக்கு மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், மகப்பேறுப் பணம் நிலுவையில் உள்ளது' என்று கையால் எழுதி, தேதி போட்டு, அதற்குக் கீழே கையெழுத்திடுங்கள். எழுதவிடாமல் தடுத்தால் கையெழுத்து வேண்டாம், அதே வாசகத்தை அங்கிருந்தே மெயிலில் அனுப்புங்கள்.