ஆயிரம் தலைக்கு ஒரு பன்

நேற்றிரவு ஒரே கட்டத்தில் ஆயிரத்து இருநூறு பேரை வீழ்த்தினேன். நடுவில் உயிர்க்கோடு சிவந்தது. இறைச்சி வைத்த பன் ஒன்றை விழுங்கியதும் பழையபடி நிமிர்ந்துவிட்டேன். பழங்காலச் சீனப் போர்களை வைத்து வந்த டைனஸ்டி வாரியர்ஸ் வீடியோ விளையாட்டை ஆடியவர்களுக்கு அந்தப் பன் தெரியும். எனக்கு அதன் மேல்தான் கோபம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த விளையாட்டை நான் வெறுக்கவில்லை. 1997-இல் வந்த முதல் பாகம் இருவர் மோதும் சாதாரணச் சண்டைதான். 2000-இல் இரண்டாம் பாகம்தான் ஒருவனைப் பெரும் படைக்கு நடுவே இறக்கிவிட்டது. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் கடையில் அதைத் தொட்ட நாள் முதல் இந்தப் பித்து தீரவில்லை. 2025 ஜனவரியில் வந்த ஆரிஜின்ஸ் இந்த வரிசையிலேயே சிறந்தது என்பேன். யாராலும் எளிதில் வெல்ல முடியாத வீரன் லூ பூ எதிரே வந்து நிற்கும்போது கன்ட்ரோலர் பிடித்த கை இன்றும் வியர்க்கிறது.

ஆனால் முதல் கட்டத்தில் யாரை வெட்டுகிறோம்? மஞ்சள் தலைப்பாகைக்காரர்களை. கி.பி. 184-இல் சீனாவை ஆண்ட ஹான் அரசுக்கு எதிராகக் கிளம்பியவர்கள். பெரும்பாலும் பஞ்சமும் கொள்ளைநோயும் வரியும் துரத்திய குடியானவர்கள். மந்திரித்த நீர் கொடுத்து நோய் தீர்ப்பதாகச் சொன்ன ஜாங் ஜியாவின் பின்னால் திரண்டார்கள். விளையாட்டுக்கு அவர்கள் கை பழகுவதற்கான வைக்கோல் பொம்மைகள். வரலாற்றில் அவர்கள் கதை அத்தோடு முடியவில்லை. 192-இல் சிங்ஜோ பகுதியின் மஞ்சள் தலைப்பாகையினர் ட்சாவ் ட்சாவ் என்ற போர்த்தலைவரிடம் சரணடைந்தார்கள். படைவீரர்கள் மட்டும் மூன்று இலட்சம் என்கிறது பழைய வரலாற்று நூல். எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். அவர்களில் தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டுதான் அவர் தன் புகழ்பெற்ற சிங்ஜோ படையை அமைத்தார்.

அத்தனை வயிறுகளுக்கும் சோறு? 196-இல் தரிசாகிக் கிடந்த நிலங்களில் ஆட்களைக் குடியமர்த்தி, மாடும் கலப்பையும் கொடுத்து, விளைச்சலில் பங்கு வாங்கினார். என்னைக் கேட்டால் அவரை வெல்ல வைத்தது வாளைவிட இந்த வேளாண் குடியிருப்புகள்தான். 200-இல் நடந்த குவான்து போரையே பாருங்கள். ட்சாவ் ட்சாவின் தானியம் தீரும் நிலை. பின்வாங்கலாமா என்றுகூட யோசித்தார். அப்போது எதிரி யுவான் ஷாவிடமிருந்து ஓடிவந்த ஒருவன், யுவான் ஷாவின் தானியமெல்லாம் வூச்சாவில் இருக்கிறது என்று போட்டுக்கொடுத்தான். ஐயாயிரம் பேர், இரவில், எதிரியின் கொடியையே பிடித்துக்கொண்டு, குதிரைகளின் வாயைக் கட்டி, ஆளுக்கொரு விறகுக் கட்டோடு போய்க் கொளுத்தினார்கள். மாபெரும் படை அதோடு கலைந்தது. வரலாற்றின் போக்கை மாற்றியது எரிந்த தானியம். விளையாட்டில் நானோ பன் தின்றுகொண்டு தலை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும், கவசத்தில் பேன் பிடித்ததையும், வெளியெங்கும் வெள்ளெலும்பு கிடப்பதையும், ஆயிரம் லீ (சீனத் தொலைவு அளவு) தொலைவுக்குச் சேவல் கூவாததையும் கவிதையாக எழுதி வைத்தவர் அதே ட்சாவ் ட்சாவ்தான். 193-இல் சூஜோவில் பொதுமக்களைக் கொன்று குவித்ததும் அவர் படைதான். அந்தக் கவிதையை முழுதாக நம்பவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை.

157-இல் அரசுப் பதிவில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் பேர். ஹான் வீழ்ந்தபின் பிரிந்து நின்ற மூன்று அரசுகளும் ஒழிந்து நாடு ஒன்றான 280-இல் சுமார் 1 கோடியே 60 இலட்சம். குறைந்தவர்கள் எல்லோரும் செத்தவர்கள் அல்லர். ஊர் பெயர்ந்தவர்களும், பண்ணையார்களின் நிலத்தில் ஒளிந்து வரிக்குத் தப்பியவர்களும் நிறைய. கணக்கு எழுதுவதற்கே ஆள் இல்லாத ஊர்களும் இருந்திருக்கும்.

‘விளையாட்டை விளையாட்டாகப் பார்’ என்கிறான் என் தம்பி. பார்க்கிறேன். ஒரே ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்கிறேன், அவ்வளவுதான்: அறுவடைக்கு இன்னும் பத்து நாள், களத்தில் கதிர், கொட்டிலில் மாடுகள், வருகிற எந்தப் படையும் எடுத்துக்கொண்டு போகாமல் காக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் பன் வேண்டாம்.