அந்த மணல் குட்டையை மூட வேண்டாம், கரையைச் சாய்த்துக் கட்டுங்கள்

தீபாவளி முடிந்த நாலாம் நாள் வந்த வெள்ளத்தில் நம் தோட்டத்து மூன்றாம் டிவிஷன் பக்கத்தில், ஆற்றோரம் மணல் அள்ளி விட்டுப்போன குட்டையின் கரை உடைந்ததிலிருந்து, ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தாலும் கோவிலில் நின்றாலும் இதே பேச்சுதான். பாதிப் பேர் குட்டையை மண் கொட்டி மூடு என்கிறார்கள், மீதிப் பேர் கரையை இன்னும் ஆறடி உயர்த்து என்கிறார்கள். இரண்டும் நமக்கு உதவாது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

கரை கரை என்கிறோமே, அதை யாரும் கட்டவில்லை. மணலும் சரளைக் கல்லும் அள்ளியவர்கள் ஆற்றுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் தோண்டாமல் விட்டுப்போன மண் அது. எதிரெதிரே இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். அன்று விடியற்காலை ஆறு பொங்கி அதன் மேல் ஏறியபோது குட்டைத் தண்ணீர் ஓர் ஆள் உயரம் கீழே கிடந்தது. மேலிருந்து விழுந்த தண்ணீர் மண்ணை உள்பக்கமாக அறுத்துக்கொண்டே வந்து, விடிவதற்குள் நாற்பதடிக்கு வாய் பிளக்க வைத்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது ஆற்றில் பாதிக்கு மேல் குட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏழெட்டுச் செம்பனை, வேரோடு, குலையோடு, சுழன்றுகொண்டு மிதந்தன.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆற்றின் மேல்போக்கில், தண்ணீர் வரும் பக்கமாகக் கால் மைல் தள்ளியிருக்கும் தோட்டத்துப் பாலத்தை ஒரு தடவை போய்ப் பாருங்கள். நடுத் தூணின் அடியில் எப்போதும் மணல் மூடியிருக்கும், இப்போது சிமெண்டு அடித்தளம் வெளியே தெரிகிறது, அதற்குக் கீழே கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போகிறது. பாலம் மேலே இருக்கிறது, உடைப்பு கீழே இருக்கிறது, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டார்கள். ஆறு ஓர் ஆழமான பள்ளத்துக்குள் விழ ஆரம்பித்தால் அந்த விழுகிற இடம் ஒரே இடத்தில் நிற்காது, ஆற்றின் அடியை அரித்துக்கொண்டு மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். 1969-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் டுஹங்கா ஆறு வெள்ளத்தில் ஒரு சரளைக் குழிக்குள் பாய்ந்தபோது மேலே இருந்த பாலங்களும் வீடுகளும் இப்படித்தான் போயின. கீழ்ப்பக்கமும் தப்பாது. ஆறு கொண்டுவரும் மணல் குட்டையிலேயே தங்கிவிடும், மணல் இல்லாமல் வெளியே வரும் தண்ணீர் தனக்கு வேண்டியதைக் கீழே உள்ள கரையிலிருந்து அரித்து எடுத்துக்கொள்ளும். கோவில் படித்துறை ஓரம் மண் சரிவது அதனால்தான் என்பது என் கணிப்பு.

சரி, மூடலாமா? அந்தக் காலத்தில் அங்கே லோரி ஓட்டிய பெரியவர் ஒருவரும் நானும் போன வாரம் சம்பான் படகில் போய், நைலான் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். நடுவில் 28 அடி. மேலே இழுத்தால் கல்லில் சாம்பல் நிறச் சேறு, விரலில் தேய்த்தால் மாவு மாதிரி வழுக்கியது. "அடியில வெறும் சேறுதான் தம்பி, கல்லெல்லாம் நாங்கதானே ஏத்திக்கிட்டுப் போனோம்" என்றார். மூன்று ஏக்கர், சராசரி 20 அடி ஆழம் என்று வைத்தாலே ஏறக்குறைய 74,000 கன மீட்டர். லோரிக்குப் பத்து கன மீட்டர் என்றால் 7,400 லோரி, தினம் 50 லோரி வந்தாலும் ஐந்து மாதம். அந்த மண்ணுக்கு எந்த மலையை வெட்டுவது? கடைசியில் என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும், ராத்திரியில் உடைத்த வீட்டுச் சிமெண்டும் பழைய டயரும் வந்து கொட்டும், நம் கிணற்றுத் தண்ணீர் கெடும்.

கரையை உயர்த்துவதும் அப்படித்தான். செங்குத்தான மண்ணின் மேல் இன்னும் மண்ணைக் குவித்தால் அடுத்த தடவை இன்னும் உயரத்திலிருந்து விழும், இல்லையென்றால் வெள்ளம் எதிர்க்கரைக் கம்பத்து (கிராமத்து) வீடுகளுக்குள் புகும். அவர்கள் நம் பக்கத்து மனிதர்கள்தானே.

செய்ய வேண்டியது வேறு. உடைந்த வாயை முதலில் அடைத்து ஆற்றைப் பழைய தடத்துக்குத் திருப்ப வேண்டும். அப்புறம் ஆற்றோரத் துண்டைக் குட்டைப் பக்கமாக அகலப்படுத்தி, ஓர் அடி இறங்க மூன்று அடியாவது நீளும்படி சரிவாக்க வேண்டும், இதற்கு எதிர்ப்பக்கத்தில் குவித்துப் போட்டிருக்கும் கழிவு மண்ணே போதும். ஓரிடத்தில் மட்டும் கரையை வேண்டுமென்றே தாழ்த்தி, பெரிய பாறைக் கல் பதித்து, வெள்ளம் வந்தால் அந்த வழியாக மெதுவாக உள்ளே வந்து மெதுவாக வெளியே போக விட வேண்டும். குட்டை ஓரம் முழுக்கத் தண்ணீருக்குள் முழங்கால் ஆழத்தில் படி மாதிரி ஒரு திட்டு, அதில் கோரையும் தாழை இனமான மெங்குவாங்கும். வேர் மண்ணைப் பிடிக்கும், விறால் குஞ்சு பொரிக்கும், கொக்கு தானாக வரும்.

அந்த முழங்கால் ஆழத் திட்டைப் பற்றி நான் திரும்பத் திரும்பப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் லயத்துப் பையன் ஒருவன் பல வருடத்துக்கு முன் அங்கே போனான். முதல் அடியில் கணுக்கால், இரண்டாவது அடியில் தரையே இல்லை. அவனுக்கு நீந்தத் தெரியும். கரையைப் பிடித்து ஏறப் பார்த்திருக்கிறான், மண் கையோடு கையோடு பெயர்ந்து வந்திருக்கிறது, அந்த விரல் தடங்களை நாங்கள் பார்த்தோம். சரிவான கரையாக இருந்திருந்தால் தவழ்ந்தாவது வெளியே வந்திருப்பான்.

இது முடியாத காரியமா? நம் மலேசியாவில் தைப்பிங் ஏரிப் பூங்கா 1880-களில், வெள்ளீயம் தோண்டிவிட்டுப் போன குழிகளிலிருந்து வந்ததுதான். டெங்கிலில் அதே மாதிரிக் குட்டைகளில் உருவான பாயா இண்டா ஈரநிலப் பூங்கா இருக்கிறது, பத்து காஜாவில் பழைய ஈயக்குட்டைகளில் உருவான கிந்தா இயற்கைப் பூங்காவில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கின்றன. 2014 தண்ணீர்ப் பஞ்சத்தில் சிலாங்கூர் ஆற்றுக்குப் பழைய ஈயக்குட்டைத் தண்ணீரை இறைத்தார்கள். எனக்குக் கோபம் எல்லாம் பெர்மிட் விஷயத்தில்தான். மணலும் கல்லும் நிலச் சட்டத்தில் 'பாறைப் பொருள்' என்ற வகை, அதை அள்ள அனுமதிக்கும் 4சி பாரம் கொடுப்பது மாநிலத்தின் அதிகாரம். தோண்ட அனுமதி தரும்போதே கரையைச் சாய்த்து முடிக்கும் வரை வைப்புப் பணத்தைத் திருப்பித் தராதீர்கள் என்கிறேன். கல் தீர்ந்ததும் பம்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், இருபது வருடம் கழித்து வெள்ளம் நம் வீட்டுக்கு வருகிறது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து மனு எழுதுகிறோம். கரை உடைவதற்கு முன்னால் அந்தப் பக்கம் எடுத்த படம் யார் கைப்பேசியிலாவது இருந்தால் கொண்டு வாருங்கள், மீன் பிடித்தபோது எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் கரையின் அகலம் தெரிந்தால் போதும்.