மூன்று குவளைப் பச்சைப்பயறு

(மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் வாசல். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கோவிந்தசாமி பேத்திக்காகக் காத்திருக்கிறார். அவருடைய பக்கத்து வீட்டுப் பார்வதி அங்கே நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறும் வடையும் விற்கிறார்.)

பார்வதி: இரண்டாம் ஆண்டில் படிப்பது உங்கள் பேத்திதானே, அண்ணே? உங்கள் முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கிறது?

கோவிந்தசாமி: ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள் என்றதும், இனி நிம்மதியாகப் பத்திரிகை படிக்கலாம் என்று நம்பியிருந்தேன், தங்கச்சி. இப்போது வகுப்புசார் மதிப்பீடு என்று ஆண்டு முழுவதும் கவனித்து, ஒன்றிலிருந்து ஆறுவரை அடைவுநிலை கொடுக்கிறார்கள். பிள்ளைக்குக் கொடுக்கட்டும், பாதி வேலையைச் செய்கிற எனக்கும் ஒன்று கொடுக்க வேண்டாமா?

பார்வதி: அப்படி என்ன வேலை?

கோவிந்தசாமி: திங்கட்கிழமைச் சபைக்கூடலில் நாட்டுப்பண் ‘நெகாராகூ’ பாடி முடித்ததும், இது அறிவியல் வாரம் என்று அறிவித்தார்களாம். அதற்காகத் தமிழ்ப் பாடம் நின்றுவிடுமா? செவ்வாயன்று இரட்டைக்கிளவி. “தாத்தா தடதடவென்று படியேறினார், அவர் நெஞ்சு படபடவென்று அடித்தது” என்று வாக்கியம் அமைத்தவள், அது சரியா என்று பார்ப்பதற்கு என்னை மூன்று முறை மாடிக்கு ஏறவைத்தாள்.

பார்வதி: வாக்கியம் சரியாக வந்ததா?

கோவிந்தசாமி: இரண்டாம் பகுதி மிகவும் சரியாக வந்தது. புதன்கிழமை புறப்பாட நடவடிக்கை. சீருடையின் கழுத்துத்துணியைத் தேடியதைத் தவிர வேறு துன்பமில்லை. என்னைக் கவிழ்த்தது பச்சைப்பயறுதான்.

பார்வதி: கஞ்சி வைக்கச் சொன்னார்களா?

கோவிந்தசாமி: ஆராய்ச்சி! மூன்று குவளைகளில் பஞ்சை வைத்து விதை போட வேண்டும். முதல் குவளைக்குத் தண்ணீரும் வெளிச்சமும் உண்டு. இரண்டாவதற்கு வெளிச்சம் மட்டும். மூன்றாவதற்குத் தண்ணீர் மட்டும், அதை அலமாரிக்குள் பூட்டிவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பார்த்தால், அலமாரியில் இருந்ததுதான் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கிறது!

பார்வதி: இருட்டில் வளர்ந்ததா?

கோவிந்தசாமி: நானும் உன்னைப் போலத்தான் வாயைப் பிளந்தேன். “செடிக்கு வெயிலே தேவையில்லை என்று எழுது” என்று சொல்லியும்விட்டேன். ஆசிரியர்தான் விளக்கினாராம்: முளைப்பதற்கு விதையில் இருக்கும் உணவே போதும், வெளிச்சத்தைத் தேடித்தான் அது அப்படி நீள்கிறது, அதனால்தான் தண்டு மெலிந்து, பச்சையம் இல்லாமல் மஞ்சளாகக் கிடக்கிறது, அந்த உணவு தீர்ந்ததும் வாடிவிடும்.

பார்வதி: தண்ணீர் இல்லாத குவளை?

கோவிந்தசாமி: அதுவும் செழிப்பாக முளைத்துவிட்டது.

பார்வதி: தண்ணீர் இல்லாமல் எப்படி முளைக்கும், அண்ணே?

கோவிந்தசாமி: உன் அண்ணி இருக்கிறாளே! “வாயில்லாத உயிரைத் தாகத்தில் வாடவிடுவது பாவம்” என்று, தினமும் பூசை முடிந்ததும் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை யாருக்கும் தெரியாமல் அதற்கு ஊற்றியிருக்கிறாள். பேத்தியோ நேர்மையானவள். “பாட்டி இருக்கும் வீட்டில் விதைக்குத் தண்ணீர் இல்லாமல் போவதில்லை” என்று முடிவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பார்வதி: ஆசிரியர் திட்டவில்லையா?

கோவிந்தசாமி: சிரித்துவிட்டு, திரும்பச் செய்யச் சொன்னாராம், இந்த முறை குவளைகளை வீட்டில் வைக்காமல் வகுப்பிலேயே வைத்து. பினாங்கில் 1816ஆம் ஆண்டிலேயே தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது என்று பெருமையாகப் பேசுகிறோம். அன்றிலிருந்து எத்தனை தாத்தாக்கள் இப்படிப் படாதபாடு பட்டார்களோ!

பார்வதி: அடுத்த வாரமாவது ஓய்வு உண்டா?

கோவிந்தசாமி: வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியாம். கம்பளிப்புழு ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். உன் கறிவேப்பிலைச் செடியில் புழு மொய்க்கிறது என்று புலம்பினாயே, ஒன்றே ஒன்று கொடு.

பார்வதி: நேற்றுத்தான் ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிந்தேன், அண்ணே.

கோவிந்தசாமி: அடடா! எங்கே எறிந்தாய்?

பார்வதி: வேலிக்கு அந்தப் பக்கம்... உங்கள் எலுமிச்சைச் செடியின் மேல்.