'துண்டு'ங்கிறது முழு வாக்கியம்

(பெரம்பூர். ஞாயித்துக்கிழமை காலை. அம்மா முருங்கைக்கீரை ஆயுறாங்க, பையன் கையில ஒரு நோட்டு.)

பையன்: அம்மா, நான் சொந்தமா ஒரு பாஷை பண்றேன், 1887ல ஜாமன்ஹாஃப்னு ஒருத்தர் எஸ்பெராண்டோன்னு விட்டாரே அந்த மாதிரி. அதுல -அஸ் போட்டா நிகழ்காலம், -இஸ் போட்டா இறந்தகாலம், -ஓஸ் போட்டா எதிர்காலம், விதிவிலக்கே கிடையாது, செம போரு. நான் கொஞ்சம் கோக்குமாக்கா பண்ணப் போறேன்.

அம்மா: பண்ணு. அப்படியே இந்தக் கீரையையும் ஆய்.

பையன்: துருக்கி பாஷையில -மிஷ்னு ஒரு விகுதி, கண்ணால பாக்காம கேள்விப்பட்டதுக்கெல்லாம் அதைப் போடணும். என் பாஷையிலயும் அப்படி ஒண்ணு...

அம்மா: காலைலயே தண்ணி லாரி வந்துச்சாம், ஒருத்தரும் சொல்லல பாரு.

பையன்: வந்துச்சா...ம்?

அம்மா: நான் எங்க பாத்தேன், எதிர்வீட்டு அக்கா சொன்னா.

(நோட்டுல ஒரு கோடு அடிக்கிறான்.)

பையன்: சரி, இது உலகத்துலயே யாரும் யோசிக்காதது. நம்ம கடுப்பையும் வினைச்சொல்லுக்குள்ளயே வச்சுட்டேன்!

அம்மா: எழுதித் தொலைச்சிட்டியா? வந்து ஆஞ்சு தொலை.

(இன்னொரு கோடு.)

பையன்: இன்னும் நடக்கவே நடக்காததுக்கு இறந்தகாலம்?

அம்மா: நேத்து ராத்திரி போன் பண்ணப்ப 'தோ வந்துட்டேம்மா'ன்னியே, அப்ப எங்க இருந்த?

பையன்: ...தாம்பரத்துல.

அம்மா: நான் பி.ஏ. தமிழ்டா. விரைவு, மிகுதி, தெளிவுன்னா காலம் மாறி வரலாம்னு நன்னூல்லயே இருக்கு. உன்ன மாதிரி ஆளுங்கள பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுலயே பாத்துட்டாரு.

பையன்: கடைசியா ஒண்ணு. கேலென்னு ஒரு செயற்கை பாஷை, அதுல வினைச்சொல்லே கிடையாது, நாலே நாலு தொடர்புச்சொல்ல வச்சு ஓட்டுறாங்க. நான் அந்த நாலையும் தூக்கப் போறேன்!

அம்மா: அது உங்கப்பா பேசுற பாஷை. எழுந்ததும் 'காபி', அப்புறம் 'பேப்பர்', குளிக்கப் போயி 'துண்டு'. முப்பது வருஷமா வினையெல்லாம் நான்தான் செய்யுறேன்.

(பையன் நோட்டை மூடுறான். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.)

பையன்: ...தோசை?

அம்மா: வந்துட்டான் பாரு வாரிசு.