சாயங்கால ஊழியத்துல முதல் வேலை, கதவை நேரத்துக்குத் திறக்கிறது

ஸ்கூல் முடிஞ்சப்புறம் கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கு சாயங்கால வகுப்பு நடத்துறோம்னு சபைல யார்கிட்ட சொன்னாலும் முதல் கேள்வி ஒண்ணுதான், "எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டாங்க?" அடுத்தது, "மொத்தம் எத்தனை பிள்ளைங்க வராங்க?" மூணாவதா யாராவது "அந்த அஞ்சாம் கிளாஸ் பையன் இப்ப எழுத்துக் கூட்டி வாசிக்கிறானா?"ன்னு கேப்பாங்கன்னு நானும் ரொம்ப நாளா பாக்குறேன், இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. கோவத்துல எழுதலன்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் கோவம் இருக்கு. ஆனா இந்த ஊழியத்தை ஆரம்பிக்கணும்னு பாரத்தோட இருக்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டிடுறேன்.

முதல்ல நேரம். ஸ்கூல் பெல் அடிச்சதுல இருந்து அம்மா வேலை முடிஞ்சு வீடு வர்ற வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரம் இருக்கு பாருங்க, அந்த நேரத்துக்குத்தான் இந்த ஊழியமே. அந்த நேரத்துல சில பிள்ளைங்க பூட்டின வீட்டுக்கு வெளிய உக்காந்திருக்கும், சிலது வேலைக்குப் போகும், சிலது யார் கூப்பிட்டாலும் பின்னாடியே போயிரும். நம்மளை நம்பி அந்த அம்மா தன் வேலை நேரத்தையே மாத்தி வச்சிருப்பாங்க. அப்படி இருக்கும்போது இன்னிக்கு உபவாச ஜெபம், நாளைக்கு கன்வென்ஷன், அடுத்த நாள் பாஸ்டர் வீட்டு விசேஷம்னு சொல்லாம கொள்ளாம பூட்டிட்டுப் போனா அந்தப் பிள்ளை என்ன பண்ணும்? கேட்டா "கர்த்தர் பாத்துக்குவார்"னு சொல்றாங்க. கர்த்தர் பாத்துக்குவார் சரிதான், ஆனா சாவி உங்க கைலதான இருக்கு. மியூசிக் சுமாரா இருக்கலாம், பாட்டு சுருதி தப்பலாம், சுவத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கலாம், சொன்ன நேரத்துக்குக் கதவு திறக்கலன்னா மட்டும் மத்தது எதுவும் நிக்காது.

அப்புறம் சாப்பாடு. பிள்ளைங்க வந்ததும் குடுத்துரணும், அதுக்கு முன்னாடி நீளமா ஜெபம் வைக்காதீங்க. தட்டை முன்னாடி வச்சுட்டு தேசத்துக்காகவும் தலைவர்களுக்காகவும் ஜெபிக்கிற அண்ணன்மார் சிலர் இருக்காங்க, அவங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், ஒரு நிமிஷத்துல முடிங்க.

இப்ப வாசிப்புக்கு வரேன், என் மனசு பூரா இதுலதான் இருக்கு. வகுப்புக்குப் புதுசா ஒரு பொண்ணு வரும், நோட்டைத் தொறந்தா கையெழுத்து முத்து முத்தா இருக்கும், மார்ஜின் போட்டு, தேதி போட்டு, டீச்சர் கையெழுத்தோட. ஒரு வரியைக் காட்டி "இதை வாசிம்மா"ன்னா முழிக்கும். போர்டுல இருந்ததை அது எழுதல, வரைஞ்சிருக்கு. இது ஏதோ அபூர்வமான கேஸ் இல்ல, இந்த வேலையில இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இதைவிட நல்ல டெஸ்ட் ஒண்ணு நம்ம கைலயே இருக்கு, மனப்பாட வசனம். கார்டைக் கைல குடுத்து விரல் வச்சு வாசிக்கச் சொல்லுங்க. வாய் வசனத்தோட கடைசிக்குப் போயிருக்கும், விரல் ரெண்டாவது வார்த்தைல நிக்கும். நாம "ஆமென், கை தட்டுங்க"ன்னு பரிசு குடுத்து அனுப்பிருவோம், அதுவும் என்ன பரிசு, ஒரு பைபிள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆயிரம் பக்கத்துக்கு மேல உள்ள ஒரு புஸ்தகம்! அந்தப் பிள்ளைக்கு உண்மையிலயே வேதத்தைக் குடுக்கணும்னா முதல்ல எழுத்தைக் குடுக்கணும்ல.

அதுக்கு என்ன பண்றதுன்னா, வயசையும் கிளாஸையும் ஒதுக்கி வச்சுட்டு, எழுத்து தெரியாதவங்க ஒரு குரூப், வார்த்தை வாசிக்கிறவங்க ஒரு குரூப், ஒரு பத்தி வாசிக்கிறவங்க ஒரு குரூப்னு பிரிச்சு உக்கார வைங்க. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, 2019ல பொருளாதார நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும், பிள்ளைங்க படிப்புக்காக வேலை செய்ற பிரதம்ங்கிற அமைப்போட சேந்து பல வருஷமா ஆராஞ்ச விஷயம் இதுதான், பிள்ளை எந்த மட்டத்துல இருக்கோ அங்கருந்து சொல்லிக் குடுத்தா சீக்கிரம் மேல வருது. ஹோம்வொர்க்கை மட்டும் முடிச்சு அனுப்புறது நம்ம கணக்குக்குத்தான் ஆகும், ஏழாம் கிளாஸ் ஹோம்வொர்க்கை எழுத்துத் தெரியாத பையன் எப்படிச் செய்வான், பக்கத்துல இருக்கிற வாலன்டியர் அக்கா செய்வாங்க, அவன் பாத்து எழுதுவான், அவ்வளவுதான். ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம் பக்கத்துல உக்காந்து சத்தமா வாசிக்க வைங்க, தப்பா வாசிச்சா உடனே குறுக்க பாயாதீங்க. பெரிய பையனை சின்னப் பிள்ளைங்களோட உக்கார வச்சா வெக்கப்பட்டு மறுநாள் வர மாட்டான், அவனுக்கு மட்டும் தனி மூலை, தனி நேரம் வேணும், சின்னப் பிள்ளைங்களுக்குக் கதை வாசிச்சுக் காட்டணும்னு ஒரு பொறுப்பு குடுத்தீங்கன்னா அதுக்காகவே அந்த எளிய புஸ்தகத்தைக் கூச்சம் இல்லாம பழகுவான்.

"இது ஸ்கூல் பண்ற வேலை, ஊழியத்துல எதுக்கு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு சரித்திரம். சண்டே ஸ்கூல்னு நாம சொல்றது ஆரம்பத்துல என்னவா இருந்துச்சு தெரியுமா? 1780ல இங்கிலாந்துல க்ளௌஸ்டர் ஊர்ல ராபர்ட் ரெய்க்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரர், வாரத்துல ஆறு நாளும் குண்டூசி ஃபேக்டரி மாதிரி இடங்கள்ல வேலை செஞ்ச பிள்ளைங்களுக்கு லீவு இருக்கிற ஒரே நாள் ஞாயித்துக்கிழமைங்கிறதால அன்னிக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்க ஏற்பாடு பண்ணாரு. பாடப் புஸ்தகம் வேதம், பாடம் வாசிப்பு. அதுக்கப்புறம் போர்ட்ஸ்மத்ல ஜான் பவுண்ட்ஸ்னு ஒருத்தர், செருப்பு தைக்கிறவர், சின்ன வயசுல கப்பல் துறைல விழுந்து ஊனமானவர், தன் குட்டிக் கடைக்குள்ளயே தெருப் பிள்ளைங்களை உக்கார வச்சு காசு வாங்காம பாடம் நடத்தினாரு. சுட்ட உருளைக்கிழங்கைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுத்தான் பிள்ளைங்களைக் கூப்பிடப் போவாராம். 1839ல அவர் இறந்தாரு, 1844ல லண்டன்ல ஏழைப் பிள்ளைங்களுக்கான இலவசப் பள்ளிகள் எல்லாம் சேந்து ராகட் (Ragged, அதாவது கந்தல்) ஸ்கூல் யூனியன் உருவாச்சு, ஜான் பவுண்ட்ஸைத்தான் அந்த இயக்கத்துக்கே முன்னோடின்னு சொல்லுவாங்க. கைல தையல் வேலை ஓடிக்கிட்டே இருக்க வாயால எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுத்த மனுஷன் அவர். நமக்கு ப்ரொஜெக்டர் வேணும், ஏசி ஹால் வேணும், முதல்ல லோகோ வேணும்.

சரி, சண்டை வர்ற இடத்துக்கு வருவோம். சுவிசேஷம் சொல்லணுமா வேண்டாமா? சொல்லுங்க, நான் சொல்றேன், கூச்சமே இல்ல. ஆனா ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, அம்மா அப்பாகிட்ட முதல் நாளே தெளிவா சொல்லணும், இங்க வேதக் கதை உண்டு, பாட்டு உண்டு, ஜெபம் உண்டு, வேண்டாம்னா உங்க பிள்ளை அந்த நேரத்துல வேற ரூம்ல படிக்கலாம், மத்த எல்லாம் அதே மாதிரி கிடைக்கும்னு. வேற மதத்துக் குடும்பம்னா கண்டிப்பா சொல்லணும். மறைச்சு சொல்றது சுவிசேஷம் இல்ல, ஏமாத்து. 1989ல ஐ.நா. கொண்டு வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கைல 14வது பிரிவு, பிள்ளையோட சிந்தனை, மனசாட்சி, மத சுதந்திரத்தையும் அதுல பெத்தவங்க வழிநடத்துற உரிமையையும் சொல்லுது, ஆனா அதெல்லாம் தெரியாமலே நம்ம மனசாட்சிக்கே இது தெரியணும். ரெண்டாவது, சாப்பாடோ நோட்டோ பாடமோ எதையும் ஜெபத்தோட முடிச்சுப் போடாதீங்க. கண்ணை மூடின பிள்ளைக்கு முதல் தட்டு, மூடாத பிள்ளைக்குக் கடைசித் தட்டுன்னு ஒரு இடத்துல பாத்தேன், வயிறு எரிஞ்சுது. பசியில இருக்கிற பிள்ளை எதை வேணாலும் ஒத்துக்கும். அதைப் போய் இயேசுவை ஏத்துக்கிட்ட தீர்மானம்னு ரிப்போர்ட்ல எழுதுறோமே, நமக்கே கூசல?

லூக்கா 17ல பத்து குஷ்டரோகிகளை இயேசு சுகமாக்கினாரு, ஒருத்தன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மத்த ஒன்பது பேர் எங்கன்னு கேட்டாரு, ஆனா குடுத்த சுகத்தைத் திருப்பி எடுத்துக்கல. "அப்போ நமக்கும் சாதாரண என்ஜிஓவுக்கும் என்ன வித்தியாசம் பிரதர்"னு உடனே கமென்ட்ல வருவீங்க, தெரியும். நாம கர்த்தருக்காக செய்றோம், அதனால பிள்ளைகிட்டருந்து பதிலுக்கு எதுவும் வசூல் பண்ணத் தேவையில்ல, வித்தியாசம் அங்கதான் இருக்கு.

ஃபோட்டோ. இதைப் பத்தி சொன்னா சப்போர்ட் பண்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கும், இருந்தாலும் சொல்றேன். கிழிஞ்ச சட்டையோட ஒரு பிள்ளை, கைல நோட்டு, பக்கத்துல கோட்டு போட்ட அண்ணன், கீழ "கர்த்தருக்கே மகிமை". வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு மத்தேயு 6ல படிச்ச நாமதான் முகநூல்ல ஐநூறு பேருக்கு டேக் பண்றோம். அந்தப் பிள்ளை ரெண்டு வருஷத்துல பெரிய பிள்ளையாகும், கூடப் படிக்கிற ஒருத்தன் ஃபோன்ல அந்த படத்தைக் காட்டி சிரிப்பான், அப்ப நம்ம ஊழியம் அதுக்கு என்னவா ஞாபகம் இருக்கும்? பேர், ஸ்கூல், குடும்பக் கதை, அப்பா குடிக்கிறாரு, அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க, இதெல்லாம் அவங்க சொத்து, நம்ம நியூஸ்லெட்டருக்கு மேட்டர் இல்ல. காணிக்கை குடுக்கிறவங்களுக்குக் கணக்கு காட்டுங்க, வாசிப்பு எவ்வளவு முன்னேறிச்சுன்னு காட்டுங்க, முகத்தைக் காட்டாதீங்க.

கிறிஸ்துமஸ் கிஃப்டும் இதே கதைதான். வெளியிலருந்து வந்தவங்க மேடைல நின்னு பிள்ளைங்க கைல குடுப்பாங்க, அப்பா அம்மா பின்னாடி சுவத்தோரம் நிப்பாங்க, தன் பிள்ளைக்குத் தன்னால முடியாததை யாரோ குடுக்கிறதைப் பாத்துக்கிட்டு. முன்னாடி நாளே பெத்தவங்களைத் தனியா கூப்பிட்டு அவங்க கைல குடுத்துருங்க, அவங்க வீட்டுல வச்சுக் குடுக்கட்டும். ஃபோட்டோ கிடைக்காது, பரவால்ல.

வாலன்டியர்ஸ் விஷயத்துல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட், திட்டுறவங்க திட்டுங்க. பெரியவங்க ஒருத்தர் மட்டும் ஒரு பிள்ளையோட தனியா மூடின ரூம்ல இருக்கவே கூடாது, அது பாஸ்டரா இருந்தாலும் சரி, என் சொந்தத் தம்பியா இருந்தாலும் சரி. எப்பவும் ரெண்டு பெரியவங்க, கதவு திறந்திருக்கணும். பிள்ளையை யார் கூட்டிட்டுப் போகலாம்னு லிஸ்ட் இருக்கணும், லிஸ்ட்ல இல்லாதவர் "நான் மாமாதான்"னு வந்தாலும் அம்மாவுக்கு ஃபோன் போடணும். பிள்ளைங்களுக்குத் தனியா மெசேஜ் அனுப்பக்கூடாது. சேர்றதுக்கு முன்னாடி போலீஸ் வெரிஃபிகேஷன், தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட விசாரிப்பு. "ஆவிக்குரிய சகோதரர், அவரைப் போய் சந்தேகப்படலாமா"ன்னு கேப்பாங்க. தப்பு செய்ய வர்றவன் சந்தேகம் வராத மாதிரிதான் வருவான், சபைல நல்ல பேர் வாங்கிட்டுத்தான் வருவான். ஏதாவது நடந்துச்சுன்னு பிள்ளை வாய் திறந்து சொன்னா, மூப்பர்கள் கூடி ஜெபிச்சு சமாதானம் பண்ணி முடிக்கிற விஷயம் இல்ல அது, சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்துல அன்னிக்கே சொல்லணும். சபை பேர் கெட்டுரும்னு மூடி மறைக்கிறவங்க மத்தேயு 18ல, சிறியவங்களுக்கு இடறல் உண்டாக்குறவன் கழுத்துல ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடல்ல அமிழ்த்துறதே அவனுக்கு நலம்னு சொல்ற வசனத்தை ஒரு தடவை உக்காந்து வாசிங்க.

இன்னொரு விஷயம், ரூல் போடும்போது யோசிச்சுப் போடுங்க. எட்டு வயசுக்கு மேலதான் சேப்போம்னு நிறைய இடத்துல ரூல் இருக்கு. ஒரு பொண்ணு இடுப்புல தம்பிப் பாப்பாவைத் தூக்கிட்டு வாசல்ல நிக்குது, பாப்பாவுக்கு அனுமதி இல்லன்னா அவளுக்கும் இல்லன்னு அர்த்தம், ஏன்னா வீட்டுல பாப்பாவைப் பாத்துக்க அவளை விட்டா ஆள் கிடையாது. பொண்ணுங்க பன்னிரண்டு பதிமூணு வயசுல நின்னு போறதுக்கு ஆர்வம் இல்லாததுதான் காரணம்னு நாமளா முடிவு பண்ணிக்கிறோம். மூலைல ஒரு பாய், நாலு பொம்மை, வயசான ஒரு அம்மா சும்மா உக்காந்து பாப்பாவைப் பாத்துக்கிட்டா போதும், அந்தப் பொண்ணு ரெண்டு கையும் ஃப்ரீயா உக்காந்து எழுதும்.

பணம் பத்தி சுருக்கமா. பேக் வாங்கித் தர ஆள் கிடைப்பாங்க, வாடகைக்கும் கக்கூஸ் கழுவுறவங்க சம்பளத்துக்கும் ஆள் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. ஒரு நல்ல டீச்சருக்கு ஒழுங்கா மாசாமாசம் சம்பளம் குடுங்க, "ஊழியம்தான, காசு எதுக்கு சிஸ்டர்"னு கேக்காதீங்க, அவங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும். வாரம் அஞ்சு நாள் நடத்த ஆளும் பணமும் இல்லன்னா ரெண்டு நாள் நடத்துங்க, அந்த ரெண்டு நாள் தவறாம நடக்கட்டும்.

கடைசியா, இதை யாரும் பேச மாட்டாங்க, மூடுறது. ஃபண்ட் நின்னுரும், பில்டிங் போயிரும், நடத்துறவங்க கல்யாணம் ஆகி ஊர் மாறுவாங்க, இதெல்லாம் நடக்கிறதுதான், அதுல பாவம் ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு திங்கக்கிழமை பிள்ளைங்க வந்து பாக்கும்போது பூட்டு தொங்கக்கூடாது. ஒரு பருவத்துக்கு முன்னாடியே பெத்தவங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. பக்கத்துல வேற யார் நடத்துறாங்களோ, அவங்க வேற சபையா இருந்தாலும், சபையே இல்லாதவங்களா இருந்தாலும் சரி, பெத்தவங்களைக் கேட்டுக்கிட்டு அங்க சேத்து விடுங்க. எந்தப் பிள்ளை எந்த மட்டத்துல வாசிக்குது, எதுக்கு பயப்படும், யாருக்குக் கண்ணாடி போடணும், யாரை யார் கூட்டிட்டுப் போகலாம், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி, அங்க பாடம் நடத்தப் போறவங்க கைல நேரா குடுத்துட்டு வாங்க.