பட்டியலை மடித்து வைத்துவிட்டு புதுக்கோட்டைக்கு வாங்க

திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிற கார்கள் எங்கள் ஊரில் டீ குடித்துவிட்டுப் போய்விடும். போன மாதம் சென்னையிலிருந்து வந்த மைத்துனர் பரவாயில்லை, கையில் பட்டியலோடு வந்தார். பாரம்பரியம் என்று சித்தன்னவாசல், கொடும்பாளூர், குடுமியான்மலை, திருமயம், ஆவுடையார்கோவில். இயற்கை என்று முத்துக்குடா அலையாத்திக் காடு. ஒரே நாளில்! "எல்லாம் ஒரே மாவட்டம்தானே மச்சான்" என்றார்.

இந்தப் பாரம்பரியம், இயற்கை என்ற பிரிப்பே எங்கள் ஊருக்குச் சரிப்படாது. இங்கே இரண்டும் ஒரே பாறை.

பட்டியலில் இல்லாத நார்த்தாமலைக்குத்தான் முதலில் கூட்டிப்போனேன். காலை ஆறரைக்கே. பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. வழியில் சுனை, அதைத் தாண்டி மொட்டைப் பாறைமேல் விஜயாலய சோழீசுவரம். பெயர்தான் சோழன் பெயர். கட்டியவர் முத்தரையர் தலைவர் சாத்தன் பூதி. மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். எதிர்க் குடைவரையில் ஆளுயரத்துக்கு 12 திருமால், எல்லாம் ஒரே அச்சு. மைத்துனர் இரண்டு தடவை எண்ணினார்.

அப்புறம் சித்தன்னவாசல். முக்கால்வாசிப் பேர் அறிவர் கோவில் என்கிற சமணக் குடைவரையில் விதானத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளம் அது: மீன், யானை, பூப்பறிக்கிற ஆள். நின்று பார்த்தால்தான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தட்டுப்படும். ஆனால் மலையேறி ஏழடிப்பட்டம் குகைக்குப் போகாமல் வந்தால் பாதிதான் பார்த்தீர்கள். விளிம்பில் கால் வைக்கப் பாறையில் வெட்டிய ஏழு படிகள், ஒரு பக்கம் பள்ளம். உள்ளே சமண முனிவர்களின் 17 படுக்கைகள், தலையணை மேடும் கல்லிலேயே. பெரிய படுக்கையில் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து. கையை வைத்தால் வழவழவென்று, குளுகுளுவென்று இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்துகிறது! இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

சாயங்காலம் கிளம்பும்போது அவர் பட்டியலில் ஒன்றுதான் முடிந்திருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றார். நீங்களும் வாங்க. தண்ணீர் மட்டும் மறக்காமல் கொண்டு வாங்க.