பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் தூக்கத்தைக் கேட்டார்களா?

தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் எங்கள் கல்யாணத்தை முடித்தார்கள். ரஜ்ஜு தட்டவில்லை, தாராளமாகச் செய்யலாம் என்றார் ஜோசியர். பையனுக்கு என்ன சம்பளம், பெண்ணுக்கு எத்தனை பவுன், சொந்த வீடா வாடகையா, எல்லாம் கேட்டாயிற்று. பையனுக்கு ஒன்பதரை ஆனால் கண் சொருகிவிடும், பெண்ணுக்கு ராத்திரி பத்துக்கு மேல்தான் மூளை சுறுசுறுப்பாகும் என்பதை மட்டும் ஒருத்தரும் விசாரிக்கவில்லை. காலம் முழுக்க ஒரே அறையில் படுத்து எழுந்திருக்கப் போகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லையா?

என் வீட்டுக்காரர் அலாரம் இல்லாமலே நாலரைக்கு எழுந்துகொள்வார். மோட்டார் போடுவார், பால் காய்ச்சுவார், டிகாஷன் இறக்குவார். மனதில் இருப்பதைப் பேச அவருக்கு அந்த நேரம்தான் தோது. தம்பி கேட்ட பணத்தைக் கொடுக்கலாமா, அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்யலாமா என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பிப்பார். எனக்கோ அந்த நேரத்தில் காதில் விழுவது மண்டையில் ஏறாது. வெறுமனே "ம்" கொட்டுவேன். அவர் முகம் சுண்டிப்போகும். ராத்திரி பத்தரைக்கு எனக்குப் பேச்சு பிறக்கும். ஆபீஸில் பட்ட அவமானத்தை நெஞ்சு வெடிக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன், பாதியிலேயே குறட்டைச் சத்தம் வரும். அந்த இருட்டில் விழித்துக்கொண்டு படுத்திருக்கும்போது வருகிற ஆத்திரம் இருக்கிறதே, அது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குள் அன்புக்குக் குறைச்சல் இல்லை. ஒருத்தர் கடையைத் திறக்கும் நேரத்தில் இன்னொருத்தர் ஷட்டரை இறக்கிவிடுகிறோம், அவ்வளவுதான்.

இது போதாதென்று சொந்தபந்தம் வேறு. ஆறே முக்காலுக்கு எழுந்தால் "பொம்பளைக்கு இவ்வளவு தூக்கமா, மூதேவி அடையும்" என்பார்கள். அதே வீட்டில் கொழுந்தன் எட்டரை வரை தூங்கினால் "பாவம், பிள்ளை அலுத்துப்போய் வந்திருக்கான், ஃபேனைக் கூட்டி வை." ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பீன்ஸ் நறுக்கி டப்பாவில் போட்டு, யூனிஃபார்ம் அயர்ன் பண்ணி, மாவுக்கு உப்புப் போட்டுக் கரைத்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். அந்த வேலை யார் கணக்கிலும் வராது. அவர் தூக்கம் கெடக்கூடாது என்று ஹாலில் விளக்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து வந்த சித்தி அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் சமையல்கட்டில் குரலைத் தாழ்த்தி "உங்களுக்குள்ள ஏதாவது பிரச்னையாடி?" என்கிறார். பிரச்னை எங்களுக்குள் இல்லை, சித்தி. இப்படிக் கேட்கிறீர்களே, அதுதான் பிரச்னை.

இது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பழ ஈக்களை வைத்து அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். 2019-ல் ஏழு லட்சத்துக்குச் சற்றே குறைவான பேரின் மரபணுத் தகவலை அலசியதில், காலையில் சுறுசுறுப்பாக இருக்கும் தன்மையோடு தொடர்புள்ள 351 இடங்கள் மரபணுத் தொகுப்பில் தெரியவந்தன. வெளிச்சத்துக்கும் வயதுக்கும் பழக்கத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. இருபது வயதை ஒட்டி ராத்திரி வெகுநேரம் விழித்திருப்பவர்கள் பலர் வயது ஏற ஏறச் சீக்கிரம் தூங்க ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். ஆனால் திட்டித் திட்டி ஒருத்தரின் உடம்பைத் திருப்பிப் போட முடியாது.

தம்பதிகளை வைத்தே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஜெஃப்ரி லார்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1991-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு அது. தூங்கி விழிக்கும் நேரம் ஒத்துப்போகாத ஜோடிகளுக்குள் சண்டை அதிகம், மனம்விட்டுப் பேசுவது குறைவு, சேர்ந்து செய்கிற காரியங்கள் குறைவு, தாம்பத்தியமும் குறைவு. படித்தபோது நம் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. நேரம் பொருந்தாவிட்டாலும் நன்றாக வாழ்கிற ஜோடிகள், பிரச்னை வரும்போது வளைந்துகொடுத்துத் தீர்த்துக்கொள்கிறவர்கள்.

வளைந்துகொடுப்பதென்றால் இரண்டு பேரும்! நம் ஊரில் "அனுசரிச்சுப் போம்மா" என்பது பெண்ணின் காதுக்கு மட்டும் சொல்கிற மந்திரம். அவரை ஒரு மணி நேரம் கூடுதலாக விழித்திருக்கச் சொல்லி இதுவரை எந்தப் பெரியவரும் புத்தி சொன்னதில்லை. அவராகத்தான், என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, ஒன்பதரையைப் பத்தாக்கினார். நானும் எழுகிற நேரத்தை அரை மணி முன்னால் இழுத்தேன். காலையில் முக்கியமான பேச்சு வேண்டாம், ராத்திரி பத்துக்கு மேல் புகார் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

அப்படியும், அவர் கொட்டாவி விடுகிற கடைசி அரை மணியைக் கழித்தால், இரண்டு பேர் மூளையும் ஒருசேர விழித்திருப்பது எட்டரையிலிருந்து ஒன்பதரை வரைதான். ஒரே ஒரு மணி நேரம்! அதையாவது விட்டுவைக்கிறார்களா? டிவியில் சீரியல் அலறுகிறது. அவருடைய மேனேஜருக்கு அப்போதுதான் சந்தேகம் வருகிறது. அபார்ட்மெண்ட் அசோசியேஷன்காரர்கள் தண்ணீர் லாரிக் கணக்கை அப்போதுதான் பேசுகிறார்கள். பள்ளிக்கூடம், நாளைக்குச் சார்ட் பேப்பர் வேண்டும் என்று எட்டே முக்காலுக்கு மெசேஜ் அனுப்புகிறது. அப்புறம் இருக்கவே இருக்கிறது "என்ன, சாப்பாடு ஆச்சா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்கிற போன். சும்மா கூப்பிட உங்களுக்கு நாள் முழுக்க இருக்கிறது. எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

அதனால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். விடிகாலை என்றால் அவரைக் கூப்பிடுங்கள், சந்தோஷமாகப் பேசுவார். ராத்திரி பதினொன்று என்றால் என்னைக் கூப்பிடுங்கள், முதல் ரிங்கிலேயே எடுப்பேன். எட்டரை முதல் ஒன்பதரை வரை உயிர் போகிற அவசரமாக இருந்தால் ஒழியக் கூப்பிடாதீர்கள். இனிமேல் எடுக்க மாட்டோம்.